தலை மட்டும்: ரோமானியத் தங்கக் காசும் வாழ்த்து அட்டையும்

தங்கக் காசின் படத்தை வாழ்த்து அட்டையில் அச்சிடும்போது முதலில் காணாமல் போவது அதன் எடை. அடுத்தபடியாக அதன் இன்னொரு பக்கம். இரண்டும் போன பிறகு மிஞ்சுவது ஒரு முகம். ஐரோப்பிய அருங்காட்சியகக் கடைகளிலிருந்து வருகிற ரோமானியக் காசு அட்டைகளில் நான் பார்த்தவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கன்னங்கரிய பின்னணி. நடுவில், உள்ளங்கை அகலத்துக்குப் பெருக்கிய ஒற்றைக் காசு. அதில் பக்கவாட்டில் திரும்பிய பேரரசனின் தலை, தலையைச் சுற்றி லத்தீன் எழுத்துகள். அட்டையைத் திறந்தால் உள்ளே வெறும் வெள்ளை. நாமே எழுதிக்கொள்ள வேண்டியது. பின்னட்டையில் பொடி எழுத்தில் இன்ன பேரரசர், இன்ன ஆண்டு, தங்கம், படத்தின் உரிமை இன்னாருக்கு என்று நாலு வரி. அவுரியுஸ் என்று பெயர்கொண்ட அந்த நிஜக் காசு நம்முடைய பழைய நாலணாவைவிடப் பெரிய அகலமில்லை. சட்டைப் பையில் ஓட்டை இருந்தால் தொலைந்துபோகிற அளவு. அட்டையில் அது பௌர்ணமி மாதிரி நிற்கிறது.

கவிதைத் தொகுதியையும் நாவலையும் தவிர வேறெதையும் பிரதி என்று ஒத்துக்கொள்ள மனம் வராதவர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். வாழ்த்து அட்டைக்கெல்லாமா விமர்சனம் என்பார்கள். காசே ஒரு பிரதிதானே? உலோகத்தின் மேல் அச்சடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் பெருக்கப்பட்டு, எழுத்துத் தெரியாதவன் கைக்கும் போய்ச் சேர்ந்த பிரதி. கிரேக்கர்களுக்கு ஒரு கலைப்பொருளைப் பெருக்க வார்ப்பு, முத்திரையடிப்பு என்ற இரண்டு வழிகள்தான் தெரிந்திருந்தன, வெண்கலச் சிலை, சுடுமண் உரு, காசு ஆகியவைதான் அவர்களால் மொத்தமாகச் செய்ய முடிந்தவை என்று வால்ட்டர் பெஞ்சமின் இயந்திர மறுஉற்பத்தி பற்றிய தன் கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். அதனால் காசை அட்டையில் அச்சடிப்பது மூலத்தை நகலெடுக்கிற காரியமில்லை. நகலை நகலெடுக்கிற காரியம். வரலாற்றை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்ற வழக்கமான புலம்பலும் இங்கே செல்லாது. காசு வியாபாரத்துக்கென்றே பிறந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி நேர் எதிரானது: வியாபாரத்துக்கென்று பிறந்த ஒன்றிலிருந்து வியாபாரத்தைக் கழுவி ஊற்றிவிட்டு முகத்தை மட்டும் எப்படி நிறுத்திவைக்கிறார்கள்? ஐந்நூறு ரூபாய் நோட்டைப் படமெடுத்து வாழ்த்து அட்டையில் போட்டு அனுப்பினால் நாகரிகமில்லாதவன் என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பணத்தைப் போட்டால் ரசனையுள்ளவன் என்கிறார்கள்.

காசைச் சுண்டிப்போட்டு ‘பூவா தலையா’ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரோமானியக் காசில் தலைப் பக்கம் ஆளைச் சொல்கிறது, பூப் பக்கம் பெரும்பாலும் அவன் என்ன செய்தான், எந்த தெய்வத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டான் என்பதைச் சொல்கிறது. அட்டை எப்போதும் தலையைத்தான் கேட்கிறது. பூப் பக்கத்தில் என்ன பூத்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்போம். கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்தபின் அகஸ்டஸ் வெளியிட்ட தங்கக் காசில் ஒரு முதலை, கூடவே எகிப்து பிடிபட்டது என்று பொருள்படும் சொற்கள். முதலை அழகாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அனுப்பலாம் போல. கி.பி. 70இல் ரோமானியப் படை ஜெருசலேமை எரித்தது. வெஸ்பாசியனின் தங்கக் காசில், வெற்றிச் சின்னமாக நட்ட ஆயுதக் கம்பத்தின் அடியில் ஒரு பெண் தரையில் குந்தித் துக்கத்தில் இருக்கிறாள். அடியில் யூதேயா என்ற பெயர். ஒரு நாட்டைப் பெண்ணாக்கி, அந்தப் பெண்ணைத் தோற்றவளாக்கி, கைக்குக் கை மாறும் பணத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வென்றவன் சொல்லாடல் எவ்வளவு சிக்கனமாக வேலை செய்கிறது பாருங்கள். காவியம் பாட வேண்டியதில்லை. முக்கால் அங்குல அகலமுள்ள ஒரு வட்டம் போதும்.

புரூட்டஸின் காசு இன்னும் சிக்கலானது. உயிரோடிருக்கும்போதே தன் முகத்தை ரோமின் காசில் ஏற்றிக்கொண்ட முதல் ரோமானியன் ஜூலியஸ் சீசர், கி.மு. 44இல். அரசனாகப் பார்க்கிறான் என்று சொல்லி அதே ஆண்டு மார்ச்சில் அவனைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் முக்கியமானவனான புரூட்டஸ் மூன்று வருஷத்துக்குள் தானே காசடித்தான். பூப் பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணிகிற குல்லாய், கீழே கொலை நடந்த தேதி. தலைப் பக்கத்தில் யாருடைய முகம்? புரூட்டஸுடையது! முகத்துக்காகக் கொன்றவன் அந்த இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டான். நம் இயக்கங்களின் சுவரொட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இந்தக் காசின் தங்கப் பிரதிகள் மூன்றே மூன்றுதான் தெரியவந்திருக்கின்றன. ஒன்றில் கழுத்தில் தொங்கவிட ஓட்டை போட்டிருக்கிறார்கள். இன்னொன்று 2020 அக்டோபரில் லண்டனில் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. அது எங்கிருந்து வந்தது என்று காட்டிய ஆவணங்கள் பொய் என்று தெரியவந்து 2023இல் கிரீஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பழங்காசு வெறும் கலை, வெறும் அழகு என்று சொல்கிறவர்கள் இந்த ஏலத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

சரி, காசுக்கும் வாழ்த்துக்கும் உள்ள உறவு அருங்காட்சியகக் கடைக்காரன் கண்டுபிடித்ததா? இல்லை. ரோமிலேயே அது இருந்தது. ஜனவரி முதல் நாளில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் புத்தாண்டுக் கையுறைக்கு ஸ்த்ரேனா என்று பெயர். பேரீச்சை, அத்திப்பழம், தேன், கூடவே காசு. காசு எதற்கு என்ற கேள்விக்கு வருஷத் தொடக்கத்தின் தெய்வமான யானுஸ் அந்தக் காலத்துப் பண ஆசையைக் கிண்டலடித்துப் பதில் சொல்வதாக ஓவிட் தன் பஞ்சாங்கக் காவியத்தில் எழுதியிருக்கிறான். அகஸ்டஸ் ஊரில் இல்லாத வருஷங்களிலும் மக்கள் கபிடோல் குன்றுக்குப் போய் அவனுக்கான புத்தாண்டுக் காசை வைத்துவிட்டு வந்தார்கள் என்றும், அந்தப் பணத்தில் அவன் தெய்வச் சிலைகள் வாங்கித் தெருத்தெருவாக நிறுவினான் என்றும் ஸ்வெடோனியுஸ் எழுதுகிறார். பின்னால் வந்த காலிகுலா நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை. ஜனவரி முதல் தேதி அரண்மனை வாசலில் நேரில் நின்றுகொண்டான். எல்லாத் தரத்து மக்களும் கை நிறைய, மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இங்கே வாழ்த்தின் திசையைக் கவனிக்க வேண்டும். பேரரசன் முகம் பொறித்த காசு பேரரசனுக்கே திரும்பிப் போகிறது. கீழிருந்து மேலே. நம்முடைய பாடாண் திணைப் பாட்டுகளை வாசித்தவர்களுக்குப் பழக்கமான திசைதான் இது. புலவன் வாழ்த்துவான், அரசன் வாழ்வான். சனிக்கடவுளின் திருநாளில் மேலிருந்து கீழேயும் கொஞ்சம் வந்தது. அகஸ்டஸ் அன்றைக்குத் துணி, தங்கம் கொடுப்பான், சில சமயம் பழைய அரசர்களின் காசுகளும் அயல்நாட்டுக் காசுகளும் கொடுப்பான், சில சமயம் வெறும் கடற்பஞ்சும் இடுக்கியும் கொடுத்துச் சிரிப்பான். பழைய காசைக் காசாக இல்லாமல் விநோதப் பொருளாக அன்பளிப்புச் செய்கிற வழக்கம் காசடித்தவனிடமே இருந்திருக்கிறது. போதாததற்கு, கி.பி. முதல் நூற்றாண்டு மண்விளக்குகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் முகத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை ஒரு கேடயத்தை ஏந்தி நிற்கிறாள், கேடயத்தில் புத்தாண்டு நல்லபடியாக அமையட்டும் என்ற வாசகம், சுற்றிலும் அத்திப்பழம், பேரீச்சை, காசுகளின் உருவம். மண்ணில் அச்சடித்த காசுப் படத்தோடு புத்தாண்டு வாழ்த்து! தங்கமோ செம்போ கொடுக்க வக்கில்லாதவன் காசின் படத்தைக் கொடுத்தானா, அல்லது காசோடு சேர்த்து விளக்கையும் கொடுத்தானா என்பதைச் சொல்ல முடியாது. ஆனால் விளக்கில் எண்ணெய் ஊற்றி எரிக்கலாம். இந்த அட்டையை என்ன பண்ணுவது?

நவீன வாழ்த்து அட்டையின் பிறப்பையும் பார்த்துவிடலாம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையவைத்து ஆயிரம் பிரதிகள் அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். ஒரு பென்னித் தபால்தலை பன்னிரண்டு வாங்கலாம். நடுவில் ஒரு குடும்பம் மதுக்கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துகிறது. இரண்டு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிறார்கள். யார் மையத்தில், யார் விளிம்பில் என்பதை முதல் அட்டையே வரைந்து காட்டிவிட்டது. இதே கோல்தான் 1840இல் வந்த ஒரு பென்னித் தபால் முறைக்காக உழைத்தவர். இதே கோல்தான் 1857இல் திறந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். தபாலும் அட்டையும் அருங்காட்சியகமும் ஒரே ஆளின் மேசையில் கூடியிருக்கின்றன என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்கின்றன: தூரத்துப் பொருளைக் கையடக்கமாக்கி, விலை போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது.

1840இல் வெளியான முதல் தபால்தலையில் இருக்கிற விக்டோரியாவின் தலை எங்கிருந்து வந்தது? 1837இல் ராணி லண்டன் நகருக்கு வருகை தந்ததை நினைவுகூர வில்லியம் வையன் செய்த பதக்கத்திலிருந்து. பதக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிய தலை; அதற்குப் பின்னால் ரோமானியக் காசின் மரபு. நாட்டின் பெயரே இல்லாமல் தலை மட்டும் போதும் என்று பிரிட்டன் முடிவு செய்ததும் அந்த மரபில்தான். சுவாரசியமானது அதற்கு அடுத்த காரியம். தபால்தலையை மறுபடி பயன்படுத்தாமலிருக்க, தபால்காரன் ராணியின் முகத்தின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்த வேண்டும். முதலில் சிவப்பு மை. அதைச் சுலபமாக அழித்துவிடுகிறார்கள் என்று 1841இல் கறுப்பு மைக்கு மாறினார்கள், கறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தபால்தலையின் நிறத்தைச் சிவப்பாக்கினார்கள். அரசே தன் அரசியின் முகத்தை அடித்துச் செல்லாததாக்குகிற சடங்கு இது, தினமும், ஊரூராக. காசுப்படம் போட்ட அட்டை தபாலில் வரும்போது உறைக்கு வெளியே ஒரு முகம் அடிபட்டுக் கிடக்கிறது. உள்ளே இன்னொரு முகம் கீறல் படாமல் ஜொலிக்கிறது.

இனி எடைக்கு வருவோம். அகஸ்டஸ் காலத்து அவுரியுஸ் ஏறத்தாழ 7.8 கிராம். நீரோ கி.பி. 64இல் எடையைக் குறைத்து 7.3 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தான். எடை குறைந்ததால் முகம் குறையவில்லை. நீரோவின் காசுகளில் முகம் முன்னைவிடக் கொழுத்துத்தான் இருக்கிறது. முகம் என்பதே எடைக் குறைவை மூடுகிற திரைதானோ என்று சந்தேகம் வருகிறது. புழக்கத்தில் தேயத் தேயத் தங்கக் காசு தன்னுடைய அடையாளமாகவே மாறிவிடுகிறது, பெயரளவு எடையும் நிஜ எடையும் பிரிந்துபோகின்றன என்று மார்க்ஸ் 1859இல் எழுதினார். வாழ்த்து அட்டை இந்தப் பிரிவின் கடைசி எல்லை. எடை சுத்தமாகச் சுன்னம்.

அந்த எடையை யார் தூக்கினார்கள்? திராஜன் கி.பி. 106இல் தாசியாவை வென்ற பிறகு அங்கிருந்த தங்கச் சுரங்கங்கள் ரோமின் கைக்கு வந்தன. இன்றைய ருமேனியாவில் ரோஷியா மொண்டானா என்று பெயர் மாறியிருக்கிற அந்த ஊரின் சுரங்கங்களுக்குள்ளிருந்து பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.பி. 164ஆம் ஆண்டின் கூலி ஒப்பந்தம். அஸ்கிளேபியுஸ் மகன் மெம்மியுஸ் என்பவன் அந்த மே மாதத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை தங்க வேலைக்குத் தன் உழைப்பை வாடகைக்கு விடுகிறான். கூலி 70 தெனாரியுஸும் சாப்பாடும். ஓர் அவுரியுஸ் 25 தெனாரியுஸுக்குச் சமம் என்பதால், ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு மூன்று தங்கக் காசுக்கும் குறைவு. வேலையை நடுவில் விட்டால் நாளொன்றுக்கு ஐந்து செஸ்டெர்ஸ் அபராதம். கூலி தரத் தாமதித்தால் முதலாளிக்கும் அபராதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி கழியும். இதையெல்லாம் எழுதியவன் மெம்மியுஸ் இல்லை. தனக்கு எழுதத் தெரியாது என்று அவன் சொன்னதால் அவன் வேண்டுகோளின்பேரில் நான் எழுதினேன் என்று வேறொருவன் பலகையில் பதிவு செய்திருக்கிறான்.

காசைச் சுற்றி ஓடுகிற லத்தீன் எழுத்துகளை அட்டையில் பெருக்கிக் காட்டுகிறார்களே, அவற்றை மெம்மியுஸால் வாசிக்க முடிந்திருக்காது. அவனுக்கு அந்தக் காசு முழுக்க முழுக்க எடை. பாறை, தண்ணீர், கழிக்கப்பட்ட நாட்கூலி. அட்டையின் கறுப்புப் பின்னணியைப் பார்க்கும்போது வடிவமைப்பாளர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. எனக்குச் சுரங்கம்தான் தெரிகிறது.

எடை இருக்கிற இடத்திலிருந்து எடை தேவைப்படுகிற இடத்துக்குத் தங்கம் போயிற்று. தெற்கே, நம் கரைக்கும் வந்தது. மிளகும் பொன்னும் மாறியதைச் சொல்கிற அகநானூற்றுப் பாட்டை இங்கே எடுத்துவைப்பது தமிழ் எம்.ஏ. படித்தவர்களின் வியாதி, எனக்கும் உண்டு, இந்த முறை அடக்கிக்கொள்கிறேன். முகமே இல்லாத ஒரு பிரதி இருக்கிறது. வியன்னாவில் இருக்கிற, 1985இல் வெளியிடப்பட்ட பாப்பிரஸ் தாள்: ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. தந்தம் இவ்வளவு எடை, கங்கைக்கரை வாசனை வேர் இவ்வளவு. மொத்தம் ஏறத்தாழ எழுபது லட்சம் செஸ்டெர்ஸ், அதாவது எழுபதாயிரம் தங்கக் காசு பெறும். ஒரே கப்பலில். மெம்மியுஸின் மூன்று காசை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சியில், 501 அவுரியுஸ் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரை அடித்த காசுகள். ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் வெட்டுப்பட்டவை. உளியாலோ அரத்தாலோ, பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே ஒரே கோடாக. கன்னத்தின் மேல், மூக்கின் மேல், கழுத்தின் மேல். தென்னிந்தியாவின் வேறு புதையல்களிலும் இப்படி உண்டு.

நம் கோட்பாட்டாளர்களுக்குக் காசு ரொம்பப் பிடித்த உருவகம். சசூர் மொழியின் மதிப்பை விளக்கக் காசைக் கொண்டுவந்தார். நீட்சே 1873இல், உண்மைகள் என்பவை படம் தேய்ந்து உலோகமாக மட்டும் மிஞ்சிய காசுகள் போன்றவை என்ற கருத்தைச் சொன்னார். தெரிதா 1971இல் உருவகம் பற்றிய தன் கட்டுரையை முகம் தேய்ந்த காசின் கதையிலிருந்துதான் தொடங்கினார். நாமும் இவற்றை மொழிபெயர்த்துப் படித்துத் தலையாட்டினோம். அந்தத் தேய்மானத்தில் பெரும்பாலும் ஆளே இல்லை. காலம் தேய்க்கிறது, புழக்கம் தேய்க்கிறது. அரைத்துத் தேய்க்கிற ஆளைக் கொண்டுவந்தாலும் அவன் தத்துவவாதியாகத்தான் இருக்கிறான். புதுக்கோட்டைக் காசு தேய்ந்தது இல்லை, வெட்டுப்பட்டது. வெட்டுக்கு ஒரு கை இருக்கிறது, கையில் ஒரு கருவி, கருவிக்குப் பின்னால் ஒரு முடிவு. 501 காசில் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, தலை எங்கே என்று பார்த்து, வைத்து வெட்டியிருக்கிறார்கள். இது உருவகம் இல்லை, வேலை. மேற்கத்திய உருவகத்தை இரவல் வாங்குகிற அவசரத்தில் நம் மண்ணில் கிடைத்த இந்த வேலையைப் பற்றி யோசிக்காமல் விட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன. உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய கள்ளக்காசா என்று சோதிக்க வெட்டியிருக்கலாம். சோதனைக்கு ஓரத்தில் சிறு கீறல் போதுமே, முகத்துக்கு நடுவே எதற்கு என்று பதில் கேள்வி. உருவத்தை ஒப்பாத மத நம்பிக்கை என்கிறார்கள் சிலர். அப்படியானால் முகத்தைக் கெடுத்துவிட்டு மறுபக்கத்துத் தேவதைகளை ஏன் விட்டார்கள்? அயலான் காசு இங்கே காசாகச் செல்லாது, வெறும் பொன்னாக மட்டுமே செல்லும் என்று அறிவிக்கிற வெட்டு என்பது இன்னொரு விளக்கம். மூன்றில் இதுவே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது, தபால்தலை மேல் விழும் முத்திரையை நினைத்துப் பார்த்தால். உன் பொன்னை எடுத்துக்கொள்கிறேன், உன் தலையை ஏற்கவில்லை என்பதுதான் அதன் வாசகம். உடனே இதைத் தமிழரின் ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று கொடி பிடிக்கக் கிளம்ப வேண்டாம். வெட்டியவன் உள்ளூர் அதிகாரமாக இருக்கலாம், தன் ஆணையை நிலைநாட்ட வெட்டியிருக்கலாம், வியாபாரியாகவும் இருக்கலாம். அவனிடம் வேலை பார்த்த மெம்மியுஸ்கள் யார் என்று நமக்குப் பலகை எதுவும் கிடைக்கவில்லை.

வெட்டு செய்த அதே காரியத்தை மொழியும் செய்திருக்கிறது. நம் வீடுகளில் கல்யாணப் பேச்சில் எத்தனை பவுன், எத்தனை சவரன் என்று கேட்கிறோம். சவரன் என்பது பிரிட்டிஷ் அரசனின் தலை பொறித்த தங்கக் காசு. 1817இலிருந்து அடித்தது, எடை 7.98 கிராம். அகஸ்டஸின் காசோடு ஏறக்குறைய சரிசமம், அது தற்செயல்தான். அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் முடிமன்னன் என்றும் பொருள் உண்டு. தமிழில் சவரன் என்றால் எட்டு கிராம், அவ்வளவே. நகைக்கடைப் பலகையில் தினமும் எழுதுகிற விலையில் எந்த ராஜாவுக்கும் இடமில்லை. மன்னனை வெட்டிவிட்டு எடையை வைத்துக்கொண்டோம். அந்த எடையை ஒரு பெண்ணின் கழுத்தில் வரதட்சணைக் கணக்காக ஏற்றினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது அரைக்கணக்காகிவிடும். முகத்தை மறுத்ததால் மட்டும் எவரும் விடுதலையாகிவிடவில்லை.

எதிர்த் திசையிலும் சாட்சி உண்டு. தெலங்கானாவின் கொண்டாபூர், மராட்டியத்தின் தேர் போன்ற இடங்களில் ரோமானியக் காசைப் போலவே சுடுமண்ணில் செய்த வில்லைகள் கிடைத்திருக்கின்றன, நூல் கோக்கிற துளையோடு. பொன் இல்லாதவர்கள் பொன்னில் இருந்த முகத்தை மண்ணில் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். எடையில்லாத முகத்தை விரும்பியது அருங்காட்சியகக் கடை மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாதபடி இந்த வில்லைகள் குறுக்கே நிற்கின்றன. என்ன வித்தியாசம் என்றால், அந்த மண்வில்லையில் செய்தவனுடைய விரல் இருக்கிறது. அச்சு கோணியிருக்கும், எழுத்து வெறும் கோடாகியிருக்கும், பேரரசன் பக்கத்து வீட்டுக்காரன் ஜாடைக்கு வந்திருப்பான். எடுத்துக்கொண்டவன் மாற்றியிருக்கிறான். அட்டையில் மாற்றுவதற்கு நமக்கு அனுமதியில்லை. படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். விற்பனைக்கு அச்சிட வேண்டுமென்றால் அருங்காட்சியகத்திடம் உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். யாருடைய மலையிலிருந்தோ வெட்டி, யாருடைய மண்ணிலிருந்தோ தோண்டி எடுத்த முகத்துக்குக் காப்புரிமை. நமக்கு விட்டுவைத்திருப்பது உள்ளே இருக்கிற வெள்ளைத் தாள், அதிலும் ‘வாழ்க வளமுடன்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம்.

நான் பார்த்த அட்டைகள் எதிலும் வெட்டுப்பட்ட காசு இல்லை. வெட்டுள்ளவை அரிதானவை என்பதால் இல்லை, பெட்டி பெட்டியாக இருக்கின்றன. காசு விற்பவர்களின் பட்டியலில் முகத்தில் சோதனை வெட்டு என்று குறித்துச் சேதாரக் கணக்கில் சேர்த்து விலையைக் குறைக்கிறார்கள். அதே கறுப்புப் பின்னணியில், அதே அளவுக்குப் பெருக்கி, நெற்றியிலிருந்து தாடை வரை உளி இறங்கிய டைபீரியஸை யாராவது அட்டையாகப் போட்டால் இரண்டு வாங்கிக்கொள்வேன். உள்ளே என்ன எழுதுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.